8 மில்லிமீட்டர் வித்தியாசம்

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை 5.40க்குக் கும்பகோணத்தில் கிளம்பினேன். தாராசுரம், சுவாமிமலை, கபிஸ்தலம், கணபதி அக்ரகாரம், அய்யம்பேட்டை, பசுபதிகோயில், பாபநாசம் என்று சுற்றிக்கொண்டு 11.15க்கு வீட்டு வாசலில் வந்து இறங்கினேன். மொத்தம் 58 கிலோமீட்டர். ஸ்போக் அறவில்லை, டயர் கழலவில்லை, பஞ்சரும் இல்லை. செப்டம்பரிலிருந்து மூன்று முறை இதே வட்டத்தைத் தொடங்கி, மூன்று முறையும் பாதி வழியில் சைக்கிளைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றித் திரும்பியவன் நான். நான்காம் முறை முழுதாக முடிந்த மகிழ்ச்சியில், செய்த வேலைகளை வரிசையாகக் குறித்து வைக்கிறேன். பழைய ரேஸ் சைக்கிள் ஒன்றைத் தூசி தட்டி எடுக்க நினைப்பவருக்கு என் தவறுகள் கொஞ்சம் பணத்தை மிச்சப்படுத்தும்.

தஞ்சாவூர் செல்லும் பழைய பஸ் சாலையில் சைக்கிள் ஓட்டுவது எனக்குப் பிடிக்காது. சாலை குறுகல், பஸ்கள் உரசிக்கொண்டு போகும். ஆனால் அதிலிருந்து விலகி ஊர்களுக்குள் நுழைந்துவிட்டால் வயல், வாழை, வெற்றிலைக் கொடிக்கால், படித்துறை, கோயில் என்று வேறொரு உலகம். அந்தச் சாலைகளின் குணமும் வேறு. ஊருக்குள் சிமெண்ட் சாலை. பத்துப் பதினைந்து அடிக்கு ஓர் இடைவெளி. அக்ரகாரத்துக்குள் பேவர் கல். வயலோரம் தார் பெயர்ந்த ஜல்லி. அறுவடைக் காலத்தில் இயந்திரங்களின் சக்கரத்திலிருந்து உதிர்ந்து காய்ந்த மண்கட்டிகள். இவ்வளவையும் தாங்கி, இடையிடையே வரும் நல்ல தார்ச் சாலையில் வேகமாகவும் ஓடும் சைக்கிள் வேண்டும் என்பதுதான் தேவை.

தெரிந்தவர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் கிடந்த ரேஸ் சைக்கிளை 2,200 ரூபாய்க்கு வாங்கினேன். எஃகுச் சட்டம், வளைந்த ஹேண்டில் பார், பின்னால் 5 பல்சக்கரம், சட்டத்தின் கீழ்க் குழாயில் கியர் நெம்புகோல்கள், காட்டர் பின் (பெடல் கையை அச்சோடு பூட்டும் ஆப்பு) போட்ட கிராங்க், குரோம் பூசிய எஃகு ரிம். சட்டத்தில் விரிசல் இல்லை. முன்போர்க்கை நூல் பிடித்துப் பார்த்தேன், கோணல் இல்லை. அது போதுமென்று நினைத்தேன்.

முதல் வேலை ஓவராயில், அதாவது எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டுவது. காட்டர் பின்னைக் கழற்றும்போதே முதல் தவறு. கிராங்குக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் சுத்தியலால் அடித்தேன். பின் நகரவில்லை, மரை மட்டும் நசுங்கியது. அடியின் விசை பின்னுக்குப் போகாமல் உள்ளிருக்கும் பால்ஸ் (எஃகுக் குண்டுகள்) மீது போகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. இரண்டாவது பின்னுக்கு, கிராங்கின் அடியில் தரையிலிருந்து ஓர் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, நட்டைப் பின்னின் நுனியோடு சமமாக இருக்கும்படி விட்டு, ஒரே அடி. சத்தமில்லாமல் இறங்கிவிட்டது.

அச்சின் பால்ஸைத் தாங்கும் வலப்பக்கத்துக் கப்பு அதைவிட மோசம். அதன் மரை தலைகீழ் என்பது தெரியாமல் எல்லா நட்டையும் போல இடப்பக்கம் திருகினேன். திருகத் திருக இறுகி, ஸ்பேனர் பிடிக்கும் தட்டை முனைகளும் மழுங்கின. 16 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றைக் கப்பின் ஓட்டை வழியாக விட்டு, வெளிப்புறம் தலை, உட்புறம் வாஷரும் நட்டும் என்று இறுக்கிக்கொண்டு, தலையை வலப்பக்கம் திருகியபோது கழன்றது. நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பேனர் இல்லாமல் இது நடக்காது. உள்ளே கிரீஸ் தாராக மாறியிருந்தது. பக்கத்துக்கு 11 பால்ஸ், கால் அங்குலம். பின் ஹப்பில் (சக்கரத்தின் குடம்) பக்கத்துக்கு 9, அதே அளவு. முன் ஹப்பில் 10, அவை 3/16 அங்குலம். அத்தனையும் புதிதாகப் போட்டேன். பால்ஸ், கிரீஸ், இரண்டு காட்டர் பின் எல்லாம் சேர்த்து 310 ரூபாய். பழைய செயினை அடிக்கோலால் அளந்தேன். 12 அங்குலத்தில் முடிய வேண்டிய இடத்தில் ஓர் எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தது. புதுச் செயின் 420 ரூபாய்.

இனி சக்கரம். இந்தப் பதிவின் பெரும்பகுதி இதுதான், ஏனென்றால் என் நேரமும் பணமும் போனது இங்கேதான்.

டயர் வெடித்துப் பழுத்திருந்தது. பக்கச் சுவரில் எழுத்து அழிந்து 27 என்பது மட்டும் தெரிந்தது. ரேஸ் சைக்கிள் என்றால் 700 டயர் என்று எங்கோ கேட்டிருந்ததால், 700×28 டயர் இரண்டை 1,700 ரூபாய்க்குத் தருவித்தேன். ஒரு பக்க விளிம்பைக்கூட ரிம்முக்குள் ஏற்ற முடியவில்லை. இரண்டு டயர் நெம்பிகள் உடைந்தன. கட்டைவிரல் நகம் பிளந்தது. கடைசியில் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் அருகே கடை வைத்திருக்கும் வயதான மெக்கானிக்கிடம் போனேன்.

“தம்பி, 27, 28 என்பதெல்லாம் பேச்சுக்கு. டயரின் பக்கத்தில் சின்னதாக மூன்று இலக்க எண் இருக்கும், அதைப் பார்த்தீர்களா?” என்றார்.

பார்த்தேன். நான் வாங்கிய டயரில் 28-622. அவர் கடையில் தொங்கிய 27×1¼ டயரில் 32-630. கடைசி எண் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். 8 மில்லிமீட்டர் வித்தியாசம். கண்ணுக்கு இரண்டு சக்கரமும் ஒன்றுபோலத்தான் தெரியும். டயர் மட்டும் ஏறாது. நம் ஊர் அப்பாக்கள் ஓட்டிய 28×1½ சைக்கிளின் டயர் இவை இரண்டிலும் சேராது; அது 635.

அவரிடமே 27×1¼ டயர் இரண்டு வாங்கினேன், 900 ரூபாய். பொருந்திவிட்டது. ஆனால் ரேஸ் சைக்கிள் டயர் கல்போல இருக்க வேண்டும் என்ற நினைப்பில் 80 பவுண்டு காற்று அடித்தேன். கபிஸ்தலத்துக்கு முன்னால், வெயில் ஏறிய நேரத்தில், பின்டயர் ரிம்மிலிருந்து கழன்று டியூப் வெடித்தது. அருகிலிருந்த நாவல் மரத்துக் கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன. பழைய எஃகு ரிம்மின் உள்விளிம்பு நேராக இருக்கும். டயரைப் பிடித்து நிறுத்தும் கொக்கி மடிப்பு அதில் இல்லை. அதிக அழுத்தத்தை அது தாங்காது. அடுத்த முறை 55 பவுண்டு அடித்தேன். டயர் நின்றது. ஆனால் பின்சக்கரத்தின் வலப்பக்க ஸ்போக்குகள் ஒவ்வொன்றாக அறுந்தன: அந்தப் பயணத்தில் இரண்டு, அதைக் கட்டிக்கொண்டு மறுபடி போனபோது மூன்று. துருப்பிடித்த பழைய ஸ்போக்குகள். ஒன்றை மாற்றினால் பக்கத்தில் உள்ளது போகும். அதோடு ஐப்பசி மழையில் குரோம் ரிம்மில் பிரேக் பிடிக்கவே இல்லை. சுவாமிமலைக்குள் ஒரு திருப்பத்தில் காலை ஊன்றித்தான் நிறுத்தினேன். அன்றே முடிவு செய்தேன்: ஹப்பை மட்டும் வைத்துக்கொண்டு, 622 அளவுள்ள அலுமினிய ரிம்மில் இரண்டு சக்கரத்தையும் புதிதாகக் கோர்ப்பது.

36 ஓட்டை, இரட்டைச் சுவர் ரிம். ஒன்று 1,150 ரூபாய். ஸ்போக் நீளம் கணக்கிடுவதில் அடுத்த தவறு. பழைய முன்சக்கர ஸ்போக் 302 மில்லிமீட்டர். விட்டம் 8 குறைந்தால் ஆரம் 4 குறையும், ஆகவே 298 என்று வாங்கிவிட்டேன். 72 ஸ்போக், 504 ரூபாய். கோர்த்து இறுக்கியபோது எல்லா ஸ்போக்கும் நிப்பிளை (ஸ்போக்கை ரிம்மில் பூட்டும் சிறு நட்டு) தாண்டி எட்டிப் பார்த்தன. மரை முடிந்துபோய், இறுக்கமே ஏறவில்லை. பழைய ரிம் ஒற்றைத் தகடு. புதிய ரிம் ஆழமானது, நிப்பிள் உட்காரும் இடம் மையத்துக்கு இன்னும் அருகில் வந்துவிடுகிறது. டயர் அமரும் விட்டத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ரிம்மையே அளக்க வேண்டும். இரண்டு பழைய ஸ்போக்கை 200 மில்லிமீட்டருக்கு வெட்டி, நிப்பிள் மாட்டி, எதிரெதிர் ஓட்டைகளில் செருகி, நடுவில் மிஞ்சும் இடைவெளியை அளந்து கூட்டினேன். 603 வந்தது. ஹப்பின் விளிம்பு வட்டத்தையும், அது மையத்திலிருந்து விலகியிருக்கும் தூரத்தையும் வெர்னியரால் எடுத்து மறுபடி கணக்கிட்டேன். முன்சக்கரத்துக்கு 293, பின்சக்கரத்தின் இடப்பக்கம் 292, பல்சக்கரம் இருக்கும் வலப்பக்கம் 290. நான் முதலில் வாங்கியது 5 முதல் 8 மில்லிமீட்டர் வரை நீளம். துரு ஏறாத எஃகு ஸ்போக் 72க்கு 648 ரூபாய்.

கோர்ப்பது ஒரு முழு நாள். ஒவ்வொரு ஸ்போக்கும் எதிர்த்திசையில் வரும் மூன்றைக் கடக்க வேண்டும். மூன்றாவதை மட்டும் மறுபுறமாகப் பின்னிச் செல்ல வேண்டும். முன்சக்கரத்தை இரண்டு முறை பிரித்தேன், வால்வு ஓட்டைக்கு மேலே ஸ்போக்குகள் நெருங்கி நின்றதால். அங்கே இடம் விடாவிட்டால் பம்பின் வாய் நுழையாது. சக்கரத்தின் கோட்டம் (கோணல்) எடுக்கத் தனித் தாங்கி வாங்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, போர்க்கின் இரு கால்களிலும் பிளாஸ்டிக் கட்டுப்பட்டை கட்டி, அதன் வால் ரிம்மை உரசும் இடத்தைப் பார்த்துத் திருத்தினேன். அரை மில்லிமீட்டர் கோட்டம்கூட அதில் தெரியும். ஒரு நேரத்தில் கால் திருகுதான். அரைத் திருகு திருகிய இடமெல்லாம் மறுபடி வந்து சரிசெய்ய வேண்டியதாயிற்று. சக்கரம் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க, அதைத் திருப்பிப் போட்டு அதே பட்டையோடு ஒப்பிட்டால் போதும்.

இறுக்கத்தைக் காதால்தான் பார்த்தேன். விரலால் மீட்டினால் ஒவ்வொரு ஸ்போக்கும் ஒரு சுரம் தரும். ஒரே பக்கத்தில் உள்ள 18 ஸ்போக்கும் ஏறத்தாழ ஒரே சுரத்தில் நிற்க வேண்டும். வீட்டில் சுருதிப் பெட்டி இருந்தது. அதை ஒலிக்கவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். பின்சக்கரத்தின் வலப்பக்கம் எப்போதும் இடப்பக்கத்தைவிட மேலே ஒலிக்கும், அது சரியே. பிறகு அருகருகே இணையாக ஓடும் ஸ்போக்குகளை இரண்டிரண்டாகக் கையில் சேர்த்து அழுத்திப் பிடித்தேன். முறுக்கிக்கொண்டிருந்தவை ‘டிங், டிங்’ என்று விடுபட்டன. மறுபடி கோட்டம் பார்த்தேன். சக்கரம் சுழன்று பட்டையின் நுனியை ஒரே சீராக உரசிக்கொண்டு போன அந்த நிமிடத்தை மறக்க மாட்டேன்.

வால்வு ஓட்டை சிறியது, மெல்லிய வால்வுக்கானது. அந்த வால்வுக்கேற்ற பம்பு கிராமத்துச் சைக்கிள் கடைகளில் கிடைப்பதில்லை. கை டிரில்லால் 8.5 மில்லிமீட்டருக்கு இரு சுவர்களையும் விரித்து, பிசிறை உருண்டை அரத்தால் இழைத்தேன். மோட்டார் சைக்கிளில் உள்ள வால்வுதான் இப்போது. எந்த ஊர்க் கடையிலும், பெட்ரோல் பங்கிலும் காற்று அடிக்கலாம்.

ரிம் சிறிதானதும் பிரேக் கட்டை எட்டவில்லை. பிரேக் போல்ட்டின் மையத்திலிருந்து ரிம்மில் கட்டை பிடிக்கும் இடம்வரை முன்பு 58 மில்லிமீட்டர், இப்போது 62. பழைய பிரேக் 60 வரைதான் இறங்கும். அதன் கீற்றை அரத்தால் 2 மில்லிமீட்டர் கீழே இழைத்துப் பார்த்தேன். எட்டியது, ஆனால் அழுத்தினால் பிரேக்கின் கை நெளிந்தது. மெலிந்த பிரேக்கை நம்பி ஓட்டுவது தவறு, யாரும் அதைச் செய்ய வேண்டாம். 55 முதல் 73 வரை எட்டும் நீளக் கை பிரேக் ஒரு ஜோடி 1,900 ரூபாய்க்கு வாங்கினேன். கேபிள்கள் 240. பழைய போல்ட் ஓட்டையை லேத் பட்டறையில் சற்று விரித்ததற்கு 150.

டயர் 700×32. போர்க்கின் உள் இடைவெளி 40 மில்லிமீட்டர். பக்கத்துக்கு 4 மிஞ்சுகிறது. மண்கட்டி ஒட்டினாலும் உரசாத அளவு அதுதான். ஜோடி 2,100. சீமைக் கருவேல முள்ளுக்காக, பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி டயருக்கும் டியூபுக்கும் நடுவே பட்டையாக வைத்தேன். சக்கரம் கொஞ்சம் கனக்கிறது, ஆனால் ஏற்கவேண்டிய கனம்.

காற்றழுத்தத்தை அளந்து பார்த்ததுதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. நான் 72 கிலோ, சைக்கிள் 13. தாராசுரம் பக்கத்துச் சிமெண்ட் சாலை ஒன்றில் ஒரே ஒரு கிலோமீட்டரைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். 80 பவுண்டில் ஒவ்வொரு இடைவெளியும் மணிக்கட்டில் அடித்தது. கண் முன்னே சாலை அதிர்ந்தது. 65இல் அடி குறைந்தது. பின்னால் 60, முன்னால் 50 என்று வைத்தபோது கை மரத்துப்போவது நின்றது, அந்த ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம் கூடவும் இல்லை. 40க்கு இறக்கியபோது வேகத்தடையில் ரிம் தரையில் இடித்தது. 60, 50 என்பதிலேயே நிறுத்திக்கொண்டேன்.

இவ்வளவும் முடிந்து, மாசி மாதத்து ஞாயிறன்று கிளம்பினேன். தாராசுரத்தில் வெளிச்சம் வரும் நேரம். இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில், 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்க்கப்பட்டது. அதன் முன்மண்டபத்தைக் குதிரைகள் இழுக்கும் தேராகச் செதுக்கியிருக்கிறார்கள். சிறுவயதிலிருந்து எத்தனையோ முறை பார்த்த கல்சக்கரம். ஆனால் சொந்தக் கையால் இரண்டு சக்கரம் கோர்த்த பிறகு அதன் ஆரங்கள் குடத்தில் சேரும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிற்பி மரச்சக்கரம் செய்பவரின் அருகில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

சுவாமிமலையில் தேநீர். வார்ப்புப் பட்டறைகளில் இன்னும் உலை மூட்டவில்லை. அங்கிருந்து கபிஸ்தலம் வரை காவிரியை ஒட்டிய ஊர்கள். கொடிக்கால்களில் அகத்தி நிழலுக்குள் வெற்றிலைக் கொடிகள். சம்பா அறுவடை முடிந்த வயல்களில் அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து பச்சை பிடித்திருந்தது. கபிஸ்தலத்தைத் தாண்டிச் சாலையின் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்தது. “நெல்லின் மேல் ஏற்றிவிடாதே தம்பி” என்று துழாவிக்கொண்டிருந்த பாட்டி குரல் கொடுத்தார். இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். அது அவர்கள் களம், நாம்தான் ஒதுங்க வேண்டும்.

அதற்கப்பால் சாலையில் பரப்பியிருந்த வைக்கோலில் ஓட்டியது இந்த நாளின் ஒரே தவறு. நான்கைந்து தாள்கள் பின் பல்சக்கரத்துக்கும் செயினுக்கும் நடுவே சுற்றிக்கொண்டு கியர் நகர மறுத்தது. பேனாக்கத்தியால் அறுத்து எடுக்க 20 நிமிடம். வைக்கோலைக் கண்டால் இறங்கிவிட வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

கணபதி அக்ரகாரத்தில் விநாயகர் சதுர்த்திக்கு வீடுகளில் பிள்ளையார் வைப்பதில்லை. ஊரே கோயிலில் கூடும். அந்தத் தெருவின் பேவர் கற்களில்தான் பழைய டயர் என்னை வதைத்திருக்கும். இப்போது ஒரு முனகல் மட்டும். அய்யம்பேட்டையைத் தாண்டிப் பசுபதிகோயிலுக்குள் திரும்பினால் புள்ளமங்கை. முதலாம் பராந்தகன் காலத்துக் கோயில். அடித்தளத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ராமாயணக் காட்சிகளை அடுக்கடுக்காகச் செதுக்கியிருக்கிறார்கள். குந்தி உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். அரை மணி நேரம் அங்கேயே போனது, அதில் வருத்தமில்லை.

பாபநாசத்துக்கு வரும்போது கிழக்குக் காற்று எதிர்த்தது. திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் உண்டு. 3,000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். அதன் நிழலில் தண்ணீர் குடித்துவிட்டு, ஸ்போக்குகளை ஒரு சுற்று மீட்டிப் பார்த்தேன். பின்சக்கரத்தின் இடப்பக்கம் இரண்டு மட்டும் சுரம் இறங்கியிருந்தன. கால் திருகு.

மொத்தச் செலவு, சைக்கிள் விலையும் நான்கு டியூபும் (880 ரூபாய்) சேர்த்து 14,252 ரூபாய். இதில் 3,104 ரூபாய் வீண்: ஏறாத 700×28 டயர், கழலும் 27 டயர், நீள ஸ்போக்குகள்.

மறுபடி செய்தால் முதல் நாளே ரிம்மை மாற்றிவிடுவேன். 27 அங்குல டயருக்கு ஒரு ரூபாய்கூடச் செலவிட மாட்டேன். ரிம் கைக்கு வந்து, அளந்த பிறகுதான் ஸ்போக் வாங்குவேன். காட்டர் கிராங்கைக் கழற்றிய அன்றே சதுர முனை அச்சுக்கு மாறியிருக்கலாம். இடப்பக்கக் காட்டர் பின் இப்போதே லேசாகத் தளர்கிறது. 14 முதல் 28 பல் வரையுள்ள பின் பல்சக்கரங்களில் மிகப் பெரியது இந்தச் சமதரைக்குத் தேவையே இல்லை என்று நினைத்திருந்தேன். எதிர்க்காற்றில் அதைத்தான் பாபநாசத்திலிருந்து வீடுவரை மிதித்தேன். ஆடிக் காற்றுக்கு அது இன்னும் வேண்டியிருக்கும். மட்கார்டு இல்லாமல் அடுத்த மழைக்காலத்தைத் தாண்ட முடியாது. 32 டயருக்கு மேல் போர்க்கில் எஞ்சியிருப்பது 9 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டருக்குள் அடங்கும் மெல்லிய தகடு கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.